சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டுத் தேர்தலில் வாக்களிக்க: படிவம் 6ஏ முதல் வாக்குச்சாவடி வரை

இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரில் வேலை பார்க்கும், படிக்கும் தமிழ்நாட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். தேர்தல் நெருங்கும்போது தேக்காவிலும் ஊழியர் தங்குவிடுதிகளிலும் பலருக்கு உட்கார்ந்து படிவம் 6ஏ, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம், நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். இணையதளத்தில் சிக்கிக்கொள்பவர்கள் குறைவு. பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரி, ஊரில் கதவு திறப்பவர் சொல்லும் பதில், அவசரப்பட்டு எடுத்த விமான டிக்கெட் ஆகிய இந்த மூன்றில்தான் பெரும்பாலோர் வாக்கை இழக்கிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தபாலிலும் முடியாது, இணையத்திலும் முடியாது

இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வாழும் சாதாரண இந்தியக் குடிமகன் நேரில் போய்த்தான் வாக்களிக்க முடியும். பதிவை இங்கிருந்தே செய்யலாம். வாக்குப்பதிவு நாளன்று மட்டும் உங்கள் தொகுதியில், உங்களுக்குரிய வாக்குச்சாவடியில் நிற்க வேண்டும்.

தபால் வாக்கு என்று காதில் விழுவது வேறு ஏற்பாடு. அது ராணுவத்தினர், வெளிநாட்டில் பணியமர்த்தப்பட்ட இந்திய அரசு ஊழியர்கள் போன்ற சிலருக்கு மட்டும் உரியது. கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகத்தில் வேலை பார்க்கும் அதிகாரிக்கு அது உண்டு. தெம்பனிஸில் கட்டுமானத் தளத்தில் வேலை பார்ப்பவருக்கும், சாங்கி பிசினஸ் பார்க்கில் மென்பொருள் எழுதுபவருக்கும் இல்லை.

உடன் வேலை செய்யும் இந்தோனேசியர்கள் தங்கள் தூதரகத்துக்குப் போய் வாக்களித்துவிட்டு வருவதைப் பார்த்து, நமக்கும் அப்படி இருக்கும் என்று கடைசி வாரம் வரை காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். நம் தூதரகத்தில் வாக்குச்சாவடி கிடையாது. "வெளிநாட்டு இந்தியர்கள் இணையத்தில் வாக்களிக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும் பொய். தேர்தல் ஆணையமே அதை மறுத்திருக்கிறது.

2. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா

இந்தியக் குடியுரிமை இருக்க வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது. சிங்கப்பூர் நிரந்தரவாசியாக இருப்பது தடையில்லை, ஏனென்றால் நிரந்தரவாசி இன்னும் இந்தியக் குடிமகன்தான். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிக்கொண்டு ஓசிஐ அட்டை (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவருக்கு இந்தியாவில் வாக்கு இல்லை. கணவருக்கு இந்தியப் பாஸ்போர்ட், மனைவிக்குச் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் என்றால் கணவர் மட்டும் விண்ணப்பிக்கலாம்.

வயது 18. அது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாட்கள் ஆண்டுக்கு நான்கு உண்டு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. இங்கே பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளைகள் ஜனவரியைத் தவறவிட்டால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

3. பாஸ்போர்ட்டைத் திறந்து முகவரியைப் படியுங்கள்

வெளிநாடுவாழ் வாக்காளராகப் பெயர் சேர்ப்பதற்கு அடிப்படை, பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரி. அந்த முகவரி எந்தத் தொகுதியில் இருக்கிறதோ அங்கேதான் உங்கள் பெயர் சேரும். இப்போது குடும்பம் எங்கே இருக்கிறது, எங்கே நிலம் வாங்கினீர்கள் என்பதெல்லாம் இதில் கணக்கில்லை.

இங்கே இரண்டு இடத்தில் தடுமாறுகிறார்கள். ஒன்று, குடும்பம் பட்டுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு மாறியிருக்கும், பாஸ்போர்ட்டில் பழைய வீடு இருக்கும். அப்படியானால் விண்ணப்பம் பட்டுக்கோட்டைக்குத்தான் போகும். சரிபார்க்க வரும் அலுவலர் அந்தப் பழைய வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

இரண்டாவது இன்னும் சிக்கலானது. பாஸ்போர்ட்டைச் சிங்கப்பூரிலேயே புதுப்பித்தவர்களில் சிலருக்கு முகவரிப் பக்கத்தில் சிங்கப்பூர் முகவரியே அச்சாகியிருக்கும். அதை வைத்து எந்தத் தொகுதியில் சேர்ப்பது? இப்படி இருந்தால் படிவத்தைத் தொடுவதற்கு முன் உங்கள் ஊர்த் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். பாஸ்போர்ட் முடியப்போகிறது, சீக்கிரம் புதுப்பிக்க வேண்டும் என்றால், புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் இந்திய முகவரியைக் கொடுத்து, புதியது கையில் வந்த பிறகு படிவம் போடுவது நல்லது. இடையில் பாஸ்போர்ட் எண் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

4. பழைய பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள்

ஊரில் இருந்தபோது வாக்காளர் அட்டை வாங்கியவர்கள்தான் அதிகம். அந்தப் பதிவு இப்போது உயிரோடு இருக்கிறதா என்று தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் தேடுங்கள். அட்டை எண்ணை வைத்துத் தேடுவது எளிது. பெயரை வைத்துத் தேடினால் எழுத்து வேறுபாட்டில் தப்பிவிடும்.

இருக்காது என்றோ, இருக்கும் என்றோ ஊகிக்காதீர்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், முகவரியில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள் என்று லட்சக்கணக்கான பெயர்கள் வரைவுப் பட்டியலிலிருந்து விடுபட்டன. வெளிநாட்டில் இருப்பவரின் பெயர் இப்படிப் போவதற்கு வாய்ப்பு கூடுதல்.

பெயர் இருந்தால் அதையும் வைத்துக்கொண்டு புதிதாக இன்னொன்றும் சேர்க்க முடியாது. ஒருவர் ஒரே ஒரு இடத்தில்தான் பதிவாகியிருக்கலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950 இதில் கறாராக இருக்கிறது. படிவத்தில் தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பயப்படத் தேவையில்லை. படிவத்திலேயே பழைய பதிவைத் தெரிவிக்க இடம் இருக்கிறது. பழைய தொகுதி, அட்டை எண் எல்லாவற்றையும் அங்கே எழுதி, நீக்கும்படி கேட்டுவிடுங்கள். பழைய அட்டையை ஒப்படைக்க வேண்டும்.

"அட்டை போனால் எதைக் காட்டி வாக்களிப்பது அண்ணே?" என்று கேட்காதவர் இல்லை. வெளிநாடுவாழ் வாக்காளருக்கு வாக்காளர் அட்டை வழங்கப்படுவதில்லை. அசல் பாஸ்போர்ட்தான் உங்கள் அடையாளம்.

5. ஆவணங்கள்: சிங்கப்பூரில் மட்டும் வரும் ஒரு சிக்கல்

படிவம் 6ஏ கேட்பவை மூன்றுதான். அண்மையில் எடுத்த வண்ணப் புகைப்படம். பாஸ்போர்ட்டில் படமும் விவரங்களும் முகவரியும் உள்ள பக்கங்களின் நகல். செல்லுபடியாகும் விசா உள்ள பக்கத்தின் நகல்.

மூன்றாவதில்தான் நம் ஆட்கள் திகைத்து நிற்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவரின் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டப்படுவதில்லை. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் எல்லாம் தனி அட்டை. வெறும் பக்கத்தை நகலெடுத்து ஏற்றினால், பார்க்கும் அலுவலருக்கு ஒன்றும் புரியாது. விண்ணப்பத்தைத் திருப்பிவிட வாய்ப்பிருக்கிறது.

அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஏற்றுங்கள். ஆனால் அட்டையில் காலாவதித் தேதி அச்சாகியிருக்காது. 2017 முதல் மனிதவள அமைச்சு அப்படித்தான் அட்டை தருகிறது. பின்பக்கம் உள்ள கியூஆர் குறியீட்டை எஸ்ஜி ஒர்க்பாஸ் செயலியில் ஸ்கேன் செய்தால் அனுமதி நடப்பில் உள்ளதா என்பதும் தேதியும் திரையில் வரும். அந்தத் திரையைப் படம் பிடித்து, அட்டை நகலோடு சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் தரும் நீண்டகால வருகை அனுமதி, மாணவர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு 2023 பிப்ரவரி முதல் அட்டையே இல்லை, எல்லாம் மின்னிலக்கம். அதைப் பதிவிறக்கி அச்செடுங்கள். நிரந்தரவாசிகள் அடையாள அட்டையையும் மறுநுழைவு அனுமதியையும் வைக்கலாம்.

படிவத்தில் விசா எண், வகை, வழங்கிய தேதி, முடியும் தேதி, வழங்கிய அமைப்பு என்று கட்டங்கள் இருக்கும். வேலை அனுமதி என்றால் வழங்கியது மனிதவள அமைச்சு. வருகை, மாணவர் அனுமதி என்றால் பெரும்பாலும் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம். எண்ணையும் தேதியையும் ஏற்றும் நகலில் உள்ளபடியே எழுதுங்கள். அலுவலர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்.

ஒவ்வொரு நகலிலும் நீங்களே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இதை மறந்து வெறும் நகலை ஏற்றுபவர்கள் ஏராளம். அச்செடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு, பிறகு ஸ்கேன் செய்யுங்கள். தங்குவிடுதியில் ஸ்கேனர் இல்லாவிட்டால் போனிலேயே எடுக்கலாம். டியூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்து எடுத்தால் பிளாஸ்டிக் உறைமேல் வெளிச்சம் பட்டு எண் மறைந்துவிடும். பகலில் ஜன்னல் ஓரம் வைத்து எடுங்கள். நான்கு மூலையும் தெரிய வேண்டும்.

6. படிவத்தை அனுப்பும் முன் ஊருக்குப் போன் செய்யுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான இடம் இதுதான்.

விண்ணப்பம் போனதும் வாக்குச்சாவடி நிலை அலுவலர், ஊரில் பிஎல்ஓ என்பார்கள், பாஸ்போர்ட் முகவரிக்கு நேரில் வருவார். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். வீட்டில் உள்ள உறவினரிடம் ஆவண நகல்களைக் காட்டி, சரிதானா என்று கேட்டு உறுதிமொழி வாங்குவார்.

அப்போது என்ன நடக்கிறது? வயதான அப்பா கதவைத் திறக்கிறார். "அவன் இங்க இல்லம்மா, சிங்கப்பூருக்குப் போயி ரொம்ப வருசமாச்சு" என்கிறார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் எந்த விண்ணப்பத்துக்காகக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, கையெழுத்துப் போடவும் தயங்குகிறார். வந்தவர் "ஆள் இல்லை" என்று குறித்துக்கொண்டு போய்விடுகிறார்.

ஆகவே முதலிலேயே வீட்டில் சொல்லிவையுங்கள்: "அப்பா, எலெக்‌ஷன் லிஸ்ட்டுல பேர் சேர்க்க விசாரிக்க வருவாங்க. நான் சிங்கப்பூர்லதான் இருக்கேன், வெளிநாட்டு வாக்காளரா விண்ணப்பம் போட்டிருக்கேன்னு சொல்லுங்க. பாஸ்போர்ட் நகல் அலமாரில இருக்கு." பாஸ்போர்ட் நகலின் ஒரு பிரதியை வீட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள். வீடு பூட்டிக் கிடந்தால் பக்கத்தில் உள்ள சித்தப்பாவையோ மாமாவையோ தயார் செய்யுங்கள்.

உறவினர் யாரும் கிடைக்காவிட்டாலோ, உறுதிமொழி கொடுக்க மறுத்தாலோ விண்ணப்பம் அத்தோடு முடிந்துவிடாது. ஆவணங்கள் சரிபார்ப்புக்காக இங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பப்படும். அதற்குக் காலம் பிடிக்கும். தேர்தல் பக்கத்தில் இருக்கும்போது அந்தக் காலம் உங்களிடம் இருக்காது.

7. படிவம் 6ஏ நிரப்புதல்

வாக்காளர் சேவைத் தளத்தில் கணக்குத் தொடங்கும்போதே வெளிநாட்டு இந்திய வாக்காளருக்கான தனிப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அதைக் கவனிக்காமல் படிவம் 6 போட்டுவிடுகிறார்கள். படிவம் 6 ஊரிலேயே வசிப்பவருக்கு உரியது. அதில் விண்ணப்பித்தால், ஊரில் வசிப்பதாகப் பொய் சொன்னதாகிவிடும்.

பெயர்க் கட்டத்தில் நிதானம் வேண்டும். நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும்; சிலருக்கு இரண்டும் ஒரே வரியில் இருக்கும். பழைய வாக்காளர் அட்டையிலோ வெறும் முதலெழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எழுதுங்கள். வாக்குச்சாவடியில் பட்டியலோடு ஒப்பிடப்போவது பாஸ்போர்ட்டைத்தான்.

ஆங்கிலத்தில் பெயரைத் தட்டியதும் தளம் தானாகவே தமிழில் எழுதிக் காட்டும். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். குறில் நெடிலாகும், ழகரம் லகரமாகும். தமிழரசன் தமிலரசன் ஆகிவிடுவார். தமிழ்ப் பட்டியலில் அச்சாவது இந்த எழுத்துதான். கட்டத்துக்குள் போய்த் திருத்துங்கள். அப்பா பெயர், ஊர்ப் பெயர், தெருப் பெயர் எல்லாவற்றையும் இப்படியே பாருங்கள்.

சிங்கப்பூர் முகவரியில் புளோக், யூனிட் எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு எல்லாம் வேண்டும், ஏனென்றால் அலுவலரின் முடிவு இந்த முகவரிக்குத்தான் தபாலில் வரும். தங்குவிடுதியில் இருப்பவர்கள் அறை எண்ணையும் சேருங்கள். நிறுவனம் அடிக்கடி இடம் மாற்றும் என்றால், மின்னஞ்சல் நீங்கள் தினமும் பார்ப்பதாக இருக்கட்டும்.

அனுப்பியதும் ஒரு குறிப்பு எண் வரும். அதைப் படம் எடுத்து, ஊரில் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

இணையம் வேண்டாம் என்றால் படிவத்தை அச்செடுத்து, கையெழுத்திட்ட நகல்களோடு வாக்காளர் பதிவு அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். விடுப்பில் ஊருக்குப் போயிருக்கும்போது நேரில் கொடுப்பதானால் அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள். பார்த்துவிட்டு உடனே திருப்பித் தருவார்கள்.

இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. படிவம் 6ஏ-இல் சிங்பாஸ் கேட்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை. "நான் போட்டுத் தருகிறேன், சிங்பாஸ் கொடு" என்று எவராவது கேட்டால் அங்கிருந்து எழுந்துவிடுங்கள்.

8. எப்போது அனுப்புவது, எப்படிப் பின்தொடர்வது

ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். ஆனால் தேர்தல் அறிவித்த பிறகு ஒரு கதவு மூடும்: வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. விண்ணப்பம் வந்தால் ஆட்சேபம் தெரிவிக்க 7 நாள் விட வேண்டும். எனவே அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அதுவும் எல்லாம் சரியாக அமைந்தால்தான். தேர்தல் பேச்சே இல்லாத மாதத்தில் போட்டுவிடுங்கள். அலுவலருக்கும் அப்போதுதான் உங்கள் தாளைப் பொறுமையாகப் பார்க்க நேரம் இருக்கும்.

குறிப்பு எண்ணை வைத்து வாரம் ஒருமுறை நிலவரம் பாருங்கள். அசையாமல் ஒரே இடத்தில் நின்றால், தாலுகா அலுவலகத்தில் உள்ள தேர்தல் பிரிவுக்கு ஊரில் யாரையாவது அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

நிராகரித்தால் காரணத்தைப் படியுங்கள். ஆவணம் தெளிவில்லை என்பதுபோல இருந்தால் புதிதாக விண்ணப்பிப்பதே வேகமான வழி. காரணம் தவறு என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால், அவர் முடிவு வந்த 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று வந்தாலும், பட்டியலைப் பதிவிறக்கி உங்கள் பெயரைக் கண்ணால் பாருங்கள். வெளிநாடுவாழ் வாக்காளர்களின் பெயர் தெரு வரிசையில் இருக்காது. உங்கள் வாக்குச்சாவடிக்குரிய பட்டியல் பாகத்தின் கடைசியில் தனிப் பிரிவாக இருக்கும். அண்ணன், அண்ணி பெயரெல்லாம் இருக்கும் பக்கத்தில் தேடிவிட்டு "என் பேர் இல்லையே" என்று பதறுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாக எண், வரிசை எண் இரண்டையும் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை அச்செடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் படிவம் 8 மூலம் திருத்தலாம்.

9. டிக்கெட் கடைசியில்தான்

பெயரைப் பட்டியலில் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

விடுப்பை மட்டும் முன்னதாகவே கேட்டுவையுங்கள். வாக்குப்பதிவு நாள் ஊதியத்துடன் விடுமுறை என்பது இந்தியச் சட்டம். சிங்கப்பூர் முதலாளியை அது கட்டுப்படுத்தாது. உங்கள் ஆண்டு விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். வாக்குப்பதிவுக்கு முதல் நாள் இரவு இறங்கி, விடிந்ததும் சாவடிக்கு ஓடலாம் என்று திட்டமிடாதீர்கள். விமானம் தாமதமானால் எல்லாம் போயிற்று. இடையில் ஒரு முழு நாளாவது இருக்கட்டும். ஒரு வாக்குக்காக இவ்வளவு செலவா என்று வீட்டில் கேட்பார்கள். அம்மா அப்பாவைப் பார்க்கும் பயணத்தை இந்தத் தேதிக்கு மாற்றிக்கொள்வதுதான் பலரும் செய்வது, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

10. வாக்குச்சாவடியில்

அசல் பாஸ்போர்ட், அச்செடுத்த பட்டியல் பக்கம் இரண்டும் கையில் இருக்கட்டும். நகலோ, போனில் உள்ள படமோ செல்லாது. போனைச் சாவடிக்குள் கொண்டுபோகவும் கூடாது, யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.

முதல் மேசையில் உள்ள அலுவலர் உங்கள் பெயரைத் தெரு வரிசையில் தேடி, இல்லை என்று சொல்லக்கூடும். சாவடி முழுவதற்கும் ஒரே ஒரு வெளிநாடுவாழ் வாக்காளர் நீங்களாகவே இருக்கலாம். அவர் கண்ணில் அந்தப் பிரிவு பட்டிருக்காது. சத்தம் போட வேண்டாம். "கடைசிப் பக்கத்தில் வெளிநாட்டு வாக்காளர் பிரிவில் பாருங்கள் சார், வரிசை எண் இது" என்று அச்செடுத்த தாளைக் காட்டுங்கள். வாக்காளர் அட்டை கேட்டால், வெளிநாடுவாழ் வாக்காளருக்குப் பாஸ்போர்ட்தான் ஆவணம் என்று சொல்லுங்கள். தயங்கினால் தலைமை அலுவலரைப் பார்க்கக் கேளுங்கள்.

அப்புறம் எல்லோருக்கும் உள்ளதுதான்: பதிவேட்டில் கையெழுத்து, இடது ஆள்காட்டி விரலில் மை, இயந்திரத்தில் பொத்தான். பக்கத்தில் உள்ள ஒப்புகைச்சீட்டு இயந்திரத்தின் கண்ணாடி வழியே நீங்கள் தேர்ந்த சின்னம் 7 வினாடி தெரியும். அதைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

உங்கள் பெயரில் ஏற்கெனவே வேறு யாரோ வாக்களித்துவிட்டார்கள் என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபித்தால், டெண்டர் ஓட்டாகத் தாள் வாக்குச்சீட்டு தருவார்கள். கேட்டு வாங்குங்கள்.

11. சிங்கப்பூரில் ஓர் எச்சரிக்கை

படிவம் நிரப்புவதும், நண்பருக்கு நிரப்பிக் கொடுப்பதும் தவறில்லை. கட்சிக் கொடி பிடித்துக் கூடுவது, ஊர்க் கட்சிக்கு ஆதரவாகப் பொது இடத்தில் பதாகை பிடிப்பது வேறு. இங்கே காவல்துறை அனுமதி இல்லாமல் ஒரு கருத்துக்காகப் பொது இடத்தில் நிற்பது, ஒரே ஒருவர் நின்றாலும், குற்றம். வேலை அனுமதியே ரத்தாகலாம். வெற்றி பெற்றால் வெடி, மாலை, ஊர்வலம் என்று லிட்டில் இந்தியாவில் இறங்கிவிட வேண்டாம்.

12. பதிவுக்குப் பிறகு

வீடு அல்லது தங்குவிடுதி மாறினால் புதிய சிங்கப்பூர் முகவரியை வாக்காளர் பதிவு அலுவலருக்குத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழையதையும் பத்திரமாக வைத்து, சாவடிக்கு இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஊருக்கே திரும்பிவிட்டால் இந்தப் பதிவு உங்களுக்குப் பொருந்தாது. அலுவலருக்குத் தெரிவித்து, இப்போது வசிக்கும் முகவரியில் படிவம் 6 போடுங்கள். அப்போது வாக்காளர் அட்டையும் கிடைக்கும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கினால் பெயரை நீக்கும்படி நீங்களே எழுதிவிடுங்கள்.